தலையில் வைக்கும் நெருப்பு

காற்றாடியைப் போடப்போவதில்லை. எண்ணெய் காய்ந்துவிட்டது, வெந்தயம் சிவந்துகொண்டு வருகிறது, இனி வெங்காயமும் கறிவேப்பிலையும் விழுந்தால் வாசம் கூரைவரைக்கும் எழும்பும், எழும்பட்டும், சமையலடுப்புக்கு மேலே தொங்கி வாசத்தை உறிஞ்சி வெளியே தள்ளுகிற அந்தக் காற்றாடியின் பொத்தானில் இன்றைக்கு என் விரல் படாது. காலையில் விமானத்தால் இறங்கியதும் ஆரூரன் தொலைபேசியில் சொன்னது முழுவதும் எனக்கு விளங்கியது. ஒன்றும் சமைக்க வேண்டாமாம். யன்னல்களைத் திறந்துவிட வேண்டுமாம். காற்றாடியை முழு வேகத்தில் ஓடவிட வேண்டுமாம். கூடத்தைச் சூடாக்குகிற இரும்படுப்பின் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாதாம். வீடு விற்றுக்கொடுக்கும் பெண் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வருகிறானாம், அவள் அறை அறையாகப் படம் எடுப்பாளாம். படத்தில் வாசம் வராதுதானே என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் வைத்துவிட்டான். பெற்ற பிள்ளை. என்னை ஒஸ்லோவில் தன் வீட்டின் நிலக்கீழ் அறையில் கொண்டுபோய் இருத்திவிட்டால் அவனுக்கு நிம்மதி. நல்ல அறைதான், நானும் பார்த்தேன், தரைக்குள்ளே சுடுதண்ணீர் ஓடுகிறது, காலை வைத்தால் இளஞ்சூடு, யன்னலால் பார்த்தால் தெருவில் போகிறவர்களின் சப்பாத்துகள் மட்டும் தெரியும். இந்த வீடு என் பெயரில் இருக்கிறது. தவமலர் குணரத்தினம். அவரும் நானும் நோர்வேயின் இந்த வடகோடித் தீவுக்கு வந்து, மீன் தொழிற்சாலையில் விரல் மரத்துப்போக மீன் வெட்டி வாங்கிய வீடு. நான் கையெழுத்துப் போடாமல் இதன் ஓர் ஆணியைக்கூட விற்க முடியாது, அது அவனுக்கும் தெரியும், அதனால்தான் இப்போதெல்லாம் இவ்வளவு அன்பாகப் பேசுகிறான். வெங்காயம் போட்டாயிற்று. தொர்ஸ்க் மீனின் தலை, இந்த ஊர்க்காரர் தாங்கள் தின்னாமல் காயவைத்துக் கப்பலேற்றிவிடுகிற தலை, மஞ்சள் பிரட்டி வைத்திருக்கிறேன். புளியும் கரைத்தாயிற்று.

கறி தன்பாட்டில் கொதிக்கட்டும் என்று மூடியைச் சரித்து வைத்துவிட்டு இரும்படுப்பின் முன்னால் வந்து முழங்காலில் இருக்கிறேன். சமைக்கிற குசினியும் கூடமும் ஒரே அறை, நடுவில் சுவரில்லை, அதை மறக்கக் கூடாது, எல்லாம் அதனால் வந்ததுதான். நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு இந்த அடுப்பில் நெருப்பில்லை. கண்ணாடிக் கதவைத் தொட்டால் கை விறைக்கிறது. நெருப்பு வைக்கமாட்டேன் என்று மகனுக்கு வாக்குக் கொடுத்தேன், அவன் அனுப்பிய மின்சாரப் பெட்டிகள் மூலைக்கொன்றாக நின்று காற்றைச் சுடுகின்றன, அந்தச் சூடு தோலோடு நின்றுவிடும், எலும்புக்குள் போகாது. போன கிழமை புயலில் மின்சாரம் போயிற்று. பெட்டிகள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டன. நான் அவருடைய பழைய கடல் அங்கியைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் மார்பளவுக்கு அடுக்கிய காய்ந்த விறகை வைத்துக்கொண்டு, வெறும் அடுப்பைப் பார்த்தபடி நடுங்கிக்கொண்டிருந்தேன். கொடுத்த வாக்காம். என்னைப் போல ஒரு விசரி இந்தத் தீவில் இருந்திருக்கமாட்டாள். அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன். இரண்டு விறகை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்க்கிறேன், டக்கென்று கேட்கிறது, நல்ல பிர்ச் விறகு, வசந்தத்தில் பிளந்து, கோடை முழுக்கக் காற்றுப்பட அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டு மூடியது. ஈரமென்றால் தொப்பென்று கேட்கும், அதை எரித்தால் தண்ணீரைத்தான் எரிக்க வேண்டும். அவருக்கு இதெல்லாம் பொருட்டில்லை. துறைமுகத்தில் கிடக்கும் சாயம் பூசிய பலகைகளைப் பொறுக்கிக்கொண்டு வருவார், சும்மா கிடைத்ததாம். அந்தச் சாயப்புகை நெஞ்சுக்குள் போகும் என்றால் கேட்கமாட்டார். படுக்கப்போகுமுன் அடுப்பின் காற்றுவழியை இறுக்கிச் சாத்திவிடுவார், விடியும்வரைக்கும் விறகு தாங்க வேண்டுமாம். விறகு தாங்கியது, உண்மைதான், சுவாலையில்லாமல் புகைந்து புகைந்து தாங்கியது, கண்ணாடி கறுத்தது, புகைக்கூண்டுக்குள் தார் பிடித்தது. ஊரில் அடுப்பென்றால் விறகை வெளியே இழுத்தால் தீ குறையும், உள்ளே தள்ளினால் கூடும். இங்கே விறகு உள்ளே பூட்டிக் கிடக்கிறது, நெருப்பின் கழுத்து காற்றுவழியில் இருக்கிறது, அதை நெரித்தால் அது நஞ்சைக் கக்கும். இதைச் சொல்லி அவரோடு எத்தனை குளிர்காலம் சண்டை பிடித்தேன். நல்ல மனிதர், ஆனால் பிடிவாதம், செத்த பிறகும் அந்தப் பிடிவாதத்தில் எனக்குக் கோபம் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

காற்றுவழியைத் திறந்தேனா? திறந்தேன், இதோ, கைப்பிடி இடது பக்கம், முழுதாகத் திறந்திருக்கிறது. இந்தக் கேள்விதான் ஆறு கிழமையாக என்னைத் தின்கிறது. நத்தாரன்றும் திறந்தேன். கை அந்தக் கைப்பிடியை இடது பக்கம் தள்ளியது எனக்கு ஞாபகம் இருக்கிறது, இல்லை, தினமும் தள்ளுகிற கைக்கு எந்த நாளின் ஞாபகம் என்று எப்படித் தெரியும், அன்றைக்கு மறந்திருந்தால்? அன்றைக்கு மருமகள் தர்ஷிகா மீன் கட்லட் பொரித்துக்கொண்டிருந்தாள், எண்ணெய்ப் புகை கூடத்துக்கு வரக்கூடாது என்று காற்றாடி இரைந்துகொண்டிருந்தது, வெளியே பனி, யன்னல் எல்லாம் இறுக்கிப் பூட்டு. பேத்தி இந்தக் கம்பளத்தில் இருந்து பொம்மையின் தலையை வாரிக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல விறகு அடுக்கி நெருப்பு வைத்தேன். வைத்த நெருப்பின் புகை மேலே போகவில்லை. கதவின் இடுக்கால், காற்றுவழியால், எங்கே ஓட்டை கண்டதோ அங்கெல்லாம் திரும்பிக் கூடத்துக்குள் கொட்டியது. அலாரம் கத்தியது. பிள்ளை இருமினாள். அந்த இருமல், சின்ன நெஞ்சு அள்ளி அள்ளி இருமிய இருமல், இப்போதும் கேட்கிறது, கறி கொதிக்கிற சத்தத்துக்குள்ளும் கேட்கிறது. ஆரூரன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காலுறையோடு பனிக்குள் ஓடினான். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லைத்தான், ஆனால் அன்றைக்கு வந்தது கண்ணுக்குத் தெரிகிற புகை, தெரியாத புகையும் இருக்கிறது, அது மணக்காது, இருமவைக்காது, நித்திரையிலேயே கொண்டுபோய்விடும். அதற்கென்று ஒரு கருவி வாங்கி அலுமாரித் தட்டில் வைத்திருக்கிறேன், பச்சை விளக்கு எரிகிறது. தை மாதத்தில் புகைக்கூண்டு துடைப்பவர் கூரையில் ஏறிப் பார்த்துவிட்டு, ஒரு குறையுமில்லை, தாராளமாக எரியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதை மகனுக்குச் சொன்னேன். அப்படியென்றால் பிழை புகைக்கூண்டில் இல்லை அம்மா என்றான், மெதுவாக, பக்குவமாக, நோயாளியிடம் பேசுகிறமாதிரி. அந்தப் பக்குவத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பிழை என்னிலும் இல்லை என்று கண்டுபிடித்தது ஒரு வெள்ளிக்கிழமை. விளக்கு வைத்து, ஊதுபத்தி கொளுத்தி, அதைக் கையில் பிடித்தபடியே பருப்பைப் பார்க்கக் குசினிப் பக்கம் போனேன். காற்றாடி வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. ஊதுபத்திப் புகை நூலாகப் படுத்து அதற்குள் போயிற்று, அது புதினமில்லை. திரும்பி வரும்போது இரும்படுப்பைத் தாண்டுகிறேன், அங்கேயும் புகை குசினியை நோக்கித்தான் சாய்கிறது. குனிந்து அடுப்புக் கதவுக்குக் கிட்டப் பிடித்தேன். அடுப்புக்குள்ளிருந்து காற்று வருகிறது! பழைய கரியின் மணத்தோடு புகைக்கூண்டுக் காற்று வீட்டுக்குள் இறங்குகிறது. போய்க் காற்றாடியை நிறுத்தினேன். கொஞ்ச நேரம் புகை நேரே நின்றது, பிறகு மெல்ல மெல்ல அடுப்புக்குள் சாய்ந்தது. போட்டேன், வெளியே வந்தது. நிறுத்தினேன், உள்ளே போனது. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். இந்த வீட்டில் ஓர் ஓட்டை இல்லை, குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்து வைத்திருக்கிறோம், காற்றாடி உறிஞ்சுகிற காற்றுக்கு வேறு வழியில்லாமல் புகைக்கூண்டால் இழுக்கிறது, புகை என்ன செய்யும், அதுவும் கூடவே வரும். மற்ற நாட்களில் நெருப்புப் பிடித்துப் புகைக்கூண்டு சூடேறிய பிறகுதான் காற்றாடி போடுவேன், அதனால் இது தெரியாமல் போயிற்று. உடனே ஆரூரனுக்குத் தொலைபேசி எடுத்தேன். எடுத்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். ஏனென்றால் நத்தாரன்று காற்றாடியை முழு வேகத்தில் வைத்தது அவன். தர்ஷிகா போதும் என்று குறைத்தாள், அவன் மறுபடியும் கூட்டினான். அவன் கை அப்படி. எட்டு வயதில் பள்ளிக்கூடத்தில் இவனுடைய குளிரங்கியை எவனோ ஒருவன் எடுத்து வெளியே தொங்கவிட்டானாம், மணக்கிறதாம். வீட்டுக்கு வந்து அழவில்லை. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையை இழுத்துப்போட்டு ஏறி, காற்றாடியைப் போட்டான், அன்றையிலிருந்து இந்த வீட்டுக்குள் வந்தால் அவன் முதலில் செய்கிற வேலை அதுதான். நாங்களும் குறைந்தவர்களா? வந்த புதிதில் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தபோது, கீழ்வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறுவாள் என்று, இரவல் காற்றாடி ஒன்றை யன்னலில் கட்டிவிட்டுத்தானே மீன் பொரித்தோம். தொழிற்சாலையில் நாள் முழுக்க மீன் குடலுக்குள் நிற்கிறவர்களுக்கு என் சேலை மணத்ததாம். நானும் சிரித்துக்கொண்டு காற்றாடியைக் கூட்டினேன். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்வது? உன் மகளை இருமவைத்தது உன் கைதான் என்று எந்தத் தாய் சொல்லுவாள்? சொல்லாமல் விட்டால் வீடு போகும். சொன்னால் அவன் மனம் போகும். இரண்டு கிழமையாக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன், இன்றைக்கு வீடு விற்பவளோடு வந்து நிற்கப்போகிறான்.

கறியைக் கிளறிவிட்டு வருகிறேன், புளி நன்றாகப் பிடித்திருக்கிறது. இப்போது விறகு. பெரிய விறகுகள் அடியில், இடையில் காற்றுப்போக இடம்விட்டு. அதற்கு மேல் குறுக்கே நடுத்தரமானவை. அதற்கும் மேலே மெல்லிய சிராய்கள், உச்சியில் மெழுகு தோய்த்த ஒரு துண்டு. நெருப்பு உச்சியில். இந்த ஊரில் இப்போது எல்லோரும் அப்படித்தான் வைக்கிறார்கள், மேலே வைத்த தீ மெல்லக் கீழே இறங்கும், கீழ் விறகிலிருந்து வருகிற புகை சுவாலைக்குள்ளால் போக வேண்டியிருப்பதால் அங்கேயே எரிந்துபோகும், புகைக்கூண்டால் வெளியே போவதைத் தேட வேண்டியிருக்கும். இதைப் புகைக்கூண்டு துடைப்பவர் எங்களுக்கு முதல்முதலாகச் சொன்ன அன்றைக்கு, அவர் வாசல் தாண்டும்வரைக்கும் பொறுத்திருந்துவிட்டு என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "விறகை அடுக்கி, தலைமாட்டிலை கொள்ளி வைக்கிறதோ? வீட்டுக்குள்ளையோ? உமக்கென்ன பைத்தியமோ?" கடலிலும் சண்டையிலும் எதற்கும் பயப்படாத மனிதர், அதற்குப் பயந்தார். எனக்கும் உடம்பு சிலிர்த்ததுதான், பொய் சொல்லக்கூடாது. கடைசிவரைக்கும் அடியில் காகிதத்தைத் திணித்து, ஊதி ஊதி, வீடு முழுக்கப் புகைத்துத்தான் எரித்தோம். பிறகு அவர் போய்விட்டார். தெற்கே ஒரு பட்டணத்தில் எரித்தார்கள். அங்கே கொள்ளி கிடையாது, ஒரு பொத்தான்தான், அதை மகன் அமத்த வேண்டும். நானும் உள்ளே வருகிறேன் என்றேன். தமிழ்ச் சங்கத்திலிருந்து வந்த பெரிய மனிதர்கள், பெண்கள் அந்த இடத்துக்கு வருவது வழக்கமில்லை என்றார்கள். எந்த ஊர் வழக்கம் எந்த ஊரில். ஆரூரன் என் முகத்தைப் பார்க்காமல், நீங்கள் இருங்கள் அம்மா என்றான். இருந்தேன். சாப்பாட்டு மேசையும் கோப்பி இயந்திரமும் இருந்த அறையில், மற்றப் பெண்களோடு, பிளாஸ்டிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன், என்னோடு இத்தனை வருடம் ஒரே போர்வைக்குள் கிடந்த மனிதர் சுவருக்கு அந்தப் பக்கம் எரிந்தார். அந்தக் குளிர்காலம் வந்த முதல் நாள், நான் விறகை அடுக்கி அதன் தலையில் நெருப்பு வைத்தேன். அவர் பயந்த கொள்ளியை வைத்தேன். சுவாலை அமைதியாக இறங்கிக்கொண்டு போயிற்று, ஒரு சொட்டுப் புகை இல்லை, கண்ணாடி பளிங்காக இருந்தது. எனக்கு விடாமல் மறித்த நெருப்பை நான் அன்றையிலிருந்து தினமும் வைக்கிறேன், மிச்சச் சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, சுவரிலிருந்து தள்ளி வெளியே பனிமேல் வைக்கிறேன், தணல் சாகும்வரை. என்னைவிட யார் இந்த நெருப்புக்குப் பொறுப்பாக இருந்தது?

அடுக்கியாயிற்று. கம்பளத்தைச் சுருட்டித் தள்ளிவைத்தேன். காயப்போட்ட துவாய் கிட்ட இல்லை. இனி ஊதுபத்தி. கொளுத்தி, கதவைக் கொஞ்சம் திறந்து அந்த இடுக்கில் பிடிக்கிறேன். புகை நேரே நிற்கிறது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. காற்றாடி ஓடவில்லையே, பிறகேன்? அப்போ என் கணக்கும் பிழையோ, அன்றைக்கும் நான்தானோ, காற்றுவழியைத் திறந்தேனா, திறந்தேன், திறந்தேன். பொறு. ஆறு கிழமை எரியாத புகைக்கூண்டு, உள்ளே குளிர்காற்று மூடிபோல இறங்கிக் கிடக்கும், அதைத் தள்ளக் கொஞ்சம் காற்று வேண்டும். எழும்பிப்போய் யன்னலை விரலளவு நீக்குகிறேன். பனிக்காற்று கணுக்காலில் வெட்டுகிறது. மலைக்குப் பின்னாலிருந்து இந்த மாதம்தான் திரும்பி வந்த சூரியன் தரையில் ஒரு துண்டாக விழுந்திருக்கிறது. திரும்பி வந்து குனிகிறேன். புகை அசைந்தது. தயங்கியது. பிறகு, என் தாயே, உள்ளே சாய்கிறது. நெருப்புப்பெட்டியை எடுக்கிறேன், அந்த நேரம் பார்த்து முற்றத்தில் கார் நிற்கிறது, சொன்ன நேரத்துக்கு முதலே வந்துவிட்டான். கதவு திறக்கிறது. வாசலில் ஒரு பொன்னிறத் தலைமுடிக்காரி, தோளில் படப்பெட்டி, அவளுக்கு முன்னால் அவன். மூக்கு விரிந்ததைப் பார்த்தேன், முகம் சிவந்ததைப் பார்த்தேன், நாற்பதை எட்டப்போகிறவனின் முகத்தில் அந்த எட்டு வயதைப் பார்த்தேன். பின்னால் வந்தவள் குளிருக்குக் கதவைச் சாத்தினாள். அவன் சப்பாத்தைக் கழற்றவில்லை. நேரே குசினிக்குப் போய் காற்றாடியை முழு வேகத்தில் போட்டான்.

"அம்மா, சொன்னனான் எல்லே. அந்த மனிசி என்ன நினைப்பா?"

ஊதுபத்தியை அந்த இடுக்கிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே சாய்ந்த புகை நிமிர்ந்தது, தடுமாறியது, திரும்பி என் முகத்தில் பட்டு, என் தோளைத் தாண்டி அவன் நின்ற பக்கம் போயிற்று. பின்னாலேயே அடுப்பின் பழைய கரிமணம் வந்தது. அது அவனுக்கும் பட்டிருக்க வேண்டும், நத்தாரன்று பனிக்குள் ஓடியவனுக்கு அந்த மணம் மறக்குமா. "நிப்பாட்டு" என்றேன். அவன் ஏதோ சொல்ல வந்தான். "நிப்பாட்டிப்போட்டுப் பார், தம்பி." நிறுத்தினான். வீடு அமைதியாயிற்று, கறி கொதிப்பது மட்டும் கேட்டது. புகை நின்று யோசித்து, மெல்ல அடுப்புக்குள் திரும்பியது. நான் கேட்காமலே அவன் மறுபடியும் போட்டான். வெளியே வந்தது. நிறுத்தினான். உள்ளே போனது. பொத்தானில் விரலை வைத்தபடி அவன் அப்படியே நின்றான், மகள் இருமியது அவன் காதிலும் கேட்டிருக்கும், அண்டைக்கு நான்தானே என்று தொடங்கினான், முடிக்கவில்லை.

அந்த வசனத்தை அவன் முடிக்க நான் விடவில்லை. "உன்ரை பிழையும் இல்லை, என்ரை பிழையும் இல்லை. நாங்கள் இவ்வளவு நாளும் மணத்துக்குப் பயந்தது காணும், ஆரூரா. மணக்கட்டும்." பிறகு வாசலில் நின்றவளுக்கு என்னுடைய உடைந்த நோர்வேஜிய மொழியில் சொன்னேன், வீடு விற்பனைக்கு இல்லை, நான் இங்கேதான் இருக்கப்போகிறேன், வந்த பாவத்துக்கு மீன்தலைக் கறியோடு சோறு சாப்பிட்டுவிட்டுப் போகலாம், அங்கியைக் கழற்றி உள்ளே தொங்கவிடு, மணக்கும்தான், வீட்டுக்குப் போனபிறகும் மணக்கும். அவள் மகனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அங்கியைக் கழற்றத் தொடங்கினாள். ஆரூரன் வந்து பக்கத்தில் முழங்காலில் இருந்தான். விறகடுக்கைப் பார்த்தான், உச்சியிலிருந்த மெழுகுத் துண்டைப் பார்த்தான். தானே வைக்கிறேன் என்பதுபோல நெருப்புப்பெட்டிக்குக் கையை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. குச்சியை உரசி, அவன் பார்த்துக்கொண்டிருக்க, விறகின் தலையில் நானே வைத்தேன்.